அம்மா இறுக்கிய பைப்பு

சமையலறைப் பைப்பு ஒழுக ஆரம்பித்ததும் நான் பைப்பைத் திட்டவில்லை, அம்மாவைத் திட்டினேன்.

அம்மா பைப்பை மூடினால் சும்மா மூடமாட்டார். கோலா கெத்தில் ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பைப்புதான். தண்ணீரும் குறித்த நேரத்துக்குத்தான் வரும். கடைசியாகப் பிடித்தவர் சொட்டு விழாமல் மூடாவிட்டால் லயமே ஏசும். திகாம் பத்து ஊரில் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து இத்தனை வருஷமாகியும், இரண்டு கையாலும் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவார். அதனால்தான் வாஷர் வீணாகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். ஃபாக்டரியில் மெஷின் பார்க்கிறவனுக்குத் தெரியாததா என்ற திமிர் வேறு.

தண்ணீர் மீட்டர் பக்கத்து வால்வை மூடிவிட்டு, ஸ்பேனரால் பைப்பின் தலையைக் கழற்றினேன். உள்ளே ரப்பர் வாஷரில் ஒரு வெட்டு. புதுசு போட்டேன். மூன்றே வாரத்தில் திரும்பவும் சொட்டியது. அன்றைக்குக் கடை மூடியிருந்ததால் பழைய ஜப்பான் சிலிப்பரின் ரப்பரை வட்டமாக வெட்டிப் போட்டேன். அதுவும் தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வந்திருந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிங்க்கில் டொக் டொக்கென்று சத்தம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"இனிமே அந்தப் பைப்பத் தொடாதம்மா. நீ தொட்டாலே கெட்டுப் போவுது."

தங்கச்சி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அம்மா மறுநாளிலிருந்து அரிசி களைய, பாத்திரம் கழுவ, எல்லாவற்றுக்கும் குளியலறையிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கி வந்தார். முட்டிவலிக்காரர். வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. வாளியை வாங்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

பைப்பில் இன்னொரு வாஷர் போட்டேன். என்னைத் தவிர யாரும் தொடவில்லை. நானும் இரண்டு விரலால்தான் மூடினேன். பத்தாம் நாள் சொட்டியது.

இந்த முறை கழற்றிவிட்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். வாஷர் உட்கார வேண்டிய பித்தளை விளிம்பு அரித்துப் போய், நகத்தில் சொரசொரவென்று தட்டியது. அந்த விளிம்புதான் ரப்பரை வெட்டிக்கொண்டிருந்தது. யார் மூடினாலும் வெட்டும். ரப்பர் சீல் மாற்றுவதற்கு முன்னால் அது உட்காரும் இடத்தைப் பார் என்று ஃபாக்டரியில் புதிதாக வருகிறவர்களிடம் தினமும் கத்துகிறவன் நான். சொந்த வீட்டில் அதைப் பார்க்காமல், பெற்றவளின் கையைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஒரு கட்டையின் முனையில் உப்புத்தாளை ஒட்டி, உள்ளே விட்டுத் திருகித் திருகித் தேய்த்தேன். விளிம்பு வழவழப்பானதும் புது வாஷர் போட்டு மூடினேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டு, தப்பு உன் மேல் இல்லை, பித்தளைதான் அரித்துப் போயிருந்தது என்றேன். சரிப்பா என்றார். அவ்வளவுதான்.

"நீயே தொறந்து பாரும்மா. எவ்வளவு இறுக்குனாலும் ஒன்னும் ஆவாதுலா."

தயங்கித் தயங்கித் திறந்தார். கையைக் கழுவினார். பிறகு ஈரக் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நீயே மூடிடுப்பா," என்றார்.