நீலமேகம் விட்டுக்கொடுத்த பாடு

தேவகி என் கூடப்பிறந்த தங்கை. ஆகவே அவள் புருஷன் நீலமேகத்தின் கதையை நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அந்தக் குப்பத்தின் மேல் கோபம் உண்டு. பழவேற்காடு ஏரிக்கரையில் அதே குப்பத்தில்தான் நானும் பிறந்தேன். பொன்னேரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும்வரை அந்த மணலில்தான் வளர்ந்தேன். திட்டுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

சம்பளத்துக்குப் பந்து ஆடப் போன முதல் ஆள் எங்கள் குப்பத்தில் நீலமேகம்தான். கடைசி ஆளும் அவன்தான். டச்சுக்காரர் கல்லறை மதிலை ஒட்டி ஒரு மணல் திடல் இருக்கிறது. காலையில் வலை காயும், மாலையில் பந்து ஓடும். கிழிந்த வலையைச் சுருட்டி இறுக்கிக் கட்டினால் அதுதான் பந்து. ஈரம் பட்டுவிட்டால் கருங்கல்லாகக் கனக்கும். அதை அடித்துப் பழகிய கால், தோல் பந்து கிடைத்ததும் சும்மா இருக்குமா? பொன்னேரியில் நடந்த ஒரு போட்டியில் சென்னைக் கம்பெனி அணி ஒன்றுக்கு ஆள் பிடிப்பவர் அவனைப் பார்த்து, கையோடு கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு வருஷம் ஆடினான். பிறகு கல்கத்தாவிலிருந்து ஒரு கிளப் அவனைக் கூப்பிட்டது. தேவகியைக் கட்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

இந்த இடத்தில் பாடு என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஏரியில் மீனும் இறாலும் நிறைந்து ஓடும் இடங்கள் சிலதான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே போய் வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கல்யாணமான ஒவ்வொரு ஆணையும் ஒரு தலைக்கட்டாகப் பெயர் சேர்த்து, அம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. அதில் பெயர் உள்ளவன்தான் ஊர்க்காரன். ஊர்க் கூட்டத்தில் அவன் வாய் திறக்கலாம், திருவிழாவுக்கு அவன் வீட்டில் வரி வாங்குவார்கள். பெயர் இல்லாதவன் குப்பத்தில் குடியிருக்கலாம், அவ்வளவுதான்.

கல்கத்தாவுக்குக் கிளம்பும் முன் அம்மன் கோயிலில் நீலமேகத்துக்கு மாலை போட்டார்கள். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவன் தம்பி துளசிங்கத்துக்கு அப்போது கல்யாணமாகவில்லை. பாடு முறையில் சேர முடியாமல் அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். மாலை கழுத்தில் கனக்க, நீலமேகம் எல்லார் முன்னாலும் சொன்னான்:

"எனக்கு இன்னாத்துக்குப் பாடு? நான் பந்து ஆடிப் பொழச்சிக்குவேன். என் எடத்த என் தம்பிக்கு எழுதிக்குங்க."

சொன்னதோடு விட்டானா? எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியமும் செய்தான். ஊர் கைதட்டியது. துளசிங்கம் காலில் விழுந்தான். ஒரு வருஷம் பொறுத்திருந்தால் தம்பிக்கே கல்யாணமாகி, அவன் பெயரில் தனி இடம் வந்திருக்கும். அதை எடுத்துச் சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இல்லை. அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துக் கொடுத்ததைத் திருப்பி வாங்குவது எங்கள் ஊரில் கிடையவே கிடையாது.

"என்ன ஒரு வார்த்த கேக்கலியே அக்கா," என்று தேவகி என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள். நான்கூட அன்று அவளைத்தான் அடக்கினேன். நல்ல நாளில் அழாதே என்றேன்.

கல்கத்தாவில் அவன் நன்றாகவே ஆடினான். பெரிய கிளப் இல்லை. ஆனாலும் அவன் பந்தோடு ஓடினால் கூட்டம் "நீல், நீல்" என்று கத்துமாம். மீனும் சோறும் தின்கிற ஊர் என்பதால் தேவகிக்கும் அந்த இடம் பிடித்துப்போயிற்று. பிள்ளை இல்லையே என்ற குறையைத் தவிர அவள் அங்கே சந்தோஷமாக இருந்தாள். ஏழெட்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு ஒரு மழைநாளில், சேற்றில் வழுக்கி வந்த எதிராளி ஒருவன் அவன் வலது முட்டியின் மேல் விழுந்தான். அறுவை சிகிச்சை செய்தார்கள். புண் ஆறி முடிவதற்குள் மறுபடியும் இறக்கினார்கள். முட்டி மறுபடியும் போயிற்று. அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் போடவில்லை. கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று நான் சொன்னால் இன்றைக்கும் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். "அது தொழிலு அண்ணி, கால் இருந்தாத்தான் ஆளு," என்பான்.

இரண்டு டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பியவன் முதலில் போனது ஊர் நாட்டார் பச்சைமுத்துவின் வீட்டுக்கு. எங்கள் குப்பத்தில் தலைவரை நாட்டார் என்போம். தன் பெயரைப் பாடு முறையில் மறுபடி சேர்க்கச் சொல்லிக் கேட்டான்.

"புதுசா பேரு சேக்கறதில்லனு ஊர் கூடி முடிவு பண்ட்டோம்பா," என்றார் பச்சைமுத்து. "முகத்துவாரம் தூந்து போச்சு, ஏரில தண்ணி இல்ல. இருக்கறவனுக்கே மொற வரமாட்டேங்குது. நைனா எடம் புள்ளைக்கு, அவ்ளோதான். உன் எடம் உன் தம்பிகிட்ட கீது. அவன்கிட்ட பேசு."

துளசிங்கம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எனக்கு ரெண்டு ஆம்பளப் புள்ளைங்கண்ணே. அந்த ஒரு எடத்த வச்சித்தான் ரெண்டும் பொழைக்கணும்." அழுகை உண்மையானதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இடத்தை மட்டும் அவன் விடவில்லை.

அதற்குப் பிறகு நீலமேகம் செய்யாத வேலை இல்லை. அடுத்தவர் படகில் கூலிக்குப் போனான். முட்டி மடங்காதவனை இரண்டாம் முறை யாரும் ஏற்றவில்லை. காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுக வேலை வந்தபோது காண்டிராக்டில் காவலுக்கு நின்றான். நாள் முழுக்க நின்றால் முட்டி பூசணிக்காயாக வீங்கும். கடைசியில் பெண்களோடு சேர்ந்து ஏரியில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, கழுத்தில் தொங்கும் பறி என்கிற ஓலைக்கூடையில் போட வேண்டும். அதற்குப் பாடு தேவையில்லை. அந்தச் சேறு அவன் காலை உள்ளே இழுக்கும்போது அவன் முகம் போகிற போக்கை நான் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் சீட்டுக் குலுக்கும் நாளன்று குளித்து, வேட்டி கட்டி, கோயில் வாசலில் போய் நிற்பான். யாராவது கூப்பிடுவார்கள் என்ற நினைப்பு. கடைசிச் சீட்டும் எடுத்து முடிந்ததும் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வான்.

காணும் பொங்கலுக்குக் கல்லறைத் திடலில் குப்பங்களுக்குள் பந்துப் போட்டி நடக்கும். ஒரு காலத்தில் ஆளாளுக்குச் சென்னைக் காலேஜ் பையன்களைக் கொண்டுவந்து இறக்கி, அது கைகலப்பில் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு சட்டம் வைத்தார்கள்: ஊர்த் தலைக்கட்டாக இருக்க வேண்டும், அல்லது தலைக்கட்டின் மகனாக இருக்க வேண்டும். வெளியாள் கூடாது. நீலமேகம் ஊர் திரும்பிச் சில வருஷம் கழித்து ஒரு தடவை, கடைசி ஆட்டத்தில் எங்கள் குப்பமும் அக்கரைக் குப்பமும். கோல் எதுவும் விழவில்லை. முடியப்போகும் நேரத்தில் எங்கள் பையன் ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டது. மாற்று ஆள் இல்லை. பச்சைமுத்து கூட்டத்தில் தேடினார்.

"நீலமேகம், எறங்குப்பா. ஊர் மானத்தக் காப்பாத்து. நீ நம்ம ஆளு இல்லியா?"

அந்தக் கடைசி வார்த்தைக்காக அவன் எத்தனை வருஷம் காத்திருந்தான்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஓடவில்லை, ஓட முடியாது. ஒரு இடத்தில் நின்றான். எதிரணி ஃபவுல் செய்து எங்களுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. அவன் இடது காலால் அடித்தான். பந்து மதில் பக்கமாகப் போவதுபோல் போய், வளைந்து உள்ளே விழுந்தது. நான் வயசை மறந்து கத்தினேன். தேவகி கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

அக்கரைக்காரர்கள் உடனே நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் தானியேல், பொன்னேரிப் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். "அந்த ஆளு பேரு பாடுல கெடையாது. வெளியாளு. கோல் செல்லாது," என்றார்கள். தானியேல் பச்சைமுத்துவிடம் வந்தார்.

"நாட்டாரே, எனக்கு உங்க சொல் போதும். இவர் உங்க தலைக்கட்டா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கோப்பை எங்களுடையது. ஆனால் ஊர் முன்னால், வெளியூரார் முன்னால் நாட்டார் சொன்னால் அது சொன்னதுதான்; அடுத்த குலுக்கலில் நீலமேகத்துக்குச் சீட்டு எழுதியாக வேண்டும். அது கூடியிருந்த எல்லாருக்கும் தெரியும். நீலமேகம் பச்சைமுத்துவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பச்சைமுத்து கையைப் பிசைந்தார். பிறகு திரும்பித் துளசிங்கத்தைப் பார்த்தார்.

துளசிங்கம் தரையைப் பார்த்தபடி சொன்னான். "இல்ல சார். எங்க அண்ணன் வெளியாளுதான்."

கோப்பை அக்கரைக்குப் போயிற்று. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. வருஷா வருஷம் கோப்பைக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் அன்று வலையைச் சுருட்டுவதுபோல் அமைதியாகக் கலைந்தார்கள். அதற்குப் பிறகு சீட்டுக் குலுக்கும் நாளில் நீலமேகம் கோயில் பக்கம் போவதில்லை.

அடுத்த காணும் பொங்கலுக்கு நோட்டீஸ் அடித்தார்கள். சிறப்பு விருந்தினர், முன்னாள் கால்பந்து வீரர் நீலமேகம் என்று போட்டோவோடு. போகாதே என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். போனான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சால்வை போர்த்தி, கோப்பையை அவன் கையாலேயே கொடுக்கச் சொன்னார்கள். துளசிங்கம்தான் சோடா உடைத்துக் கொடுத்தான்.

"உனக்கு ரோஷமே கிடையாதா?" என்று வீட்டில் வைத்துக் கேட்டேன்.

அவன் சால்வையை மடித்துத் தேவகியிடம் கொடுத்தான். "ரோஷப்பட்டு எங்க அண்ணி போறது? விருந்தாளிக்குப் பாடு கெடையாது. அதான் பயமில்லாம கூப்புட்டாங்க."

மறுநாள் காலையில் பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினான். தேவகி சால்வையைத் தண்ணீரில் நனைத்து, இறால் கூடையை அதைக் கொண்டு மூடி, பொன்னேரிச் சந்தைக்குப் பஸ் ஏறினாள்.