தராசுக்கு முன் ஒரு பாய்

எங்கள் சிறுவர் கிளினிக்கில் பிள்ளையை நிறுப்பதற்கு முன்னால் பாயில் இருத்துவோம். இதை நான் யாரிடம் சொன்னாலும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வேன்.

மட்டக்களப்பிலிருந்து வாவியின் மேலே வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் போனால், வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் முன்னறையில் கிழமைக்கு ஒருநாள் கிளினிக் நடக்கும். நான் அங்கே டொக்டராகப் போன புதிதில் எல்லா இடத்திலும் நடப்பதுதான் நடந்தது. தாய்மார் வரிசையில் நிற்பார்கள். பிள்ளையை நிறுப்போம், ஊசி போடுவோம், அடுத்தவரைக் கூப்பிடுவோம். பிள்ளைகள் வாசலிலேயே அழத் தொடங்கிவிடும். அழுகிற பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் அழுகைதான் கேட்கும்.

என்னோடு வேலை செய்த நேர்ஸ் அக்கா கரடியனாற்றிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். வெறுத்துப்போன ஒரு மத்தியானம் இருவரும் சேர்ந்து மேசையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அறையின் பாதியில் பெரிய பன்பாய் ஒன்றை விரித்தோம். மரக்கட்டைகள், மூடி போட்ட டின்கள், பிளாஸ்டிக் கோப்பைகள் என்று கையில் கிடைத்ததைப் பரப்பிவைத்தோம். பிள்ளை முதலில் விளையாடட்டும், நாங்கள் தாயோடு கதைத்துக்கொண்டே பார்ப்போம் என்பதுதான் எண்ணம். எப்படி எழும்புகிறது, எந்தக் கையை நீட்டுகிறது, தாயைத் தேடுகிறதா, என்ன சொல் வருகிறது என்பதையெல்லாம் தராசு சொல்லாது.

தாய்மாருக்கு இது முதலில் பிடிக்கவில்லை.

"விளையாட வீட்டில இடமில்லாமலா டொக்டர் பஸ் ஏறி வந்த நாங்க? ஊசியப் போட்டு விடுங்க, வயலுக்குப் போகணும்" என்றார் ஒருவர்.

"கொஞ்சம் இருங்க கா. புள்ள எப்பிடி இரிக்கெண்டு பாக்கத்தானே வரச் சொன்ன நாங்க. பாக்க விடுங்க" என்றார் நேர்ஸ் அக்கா.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் ஒரு தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவரை எங்கள் கிளினிக்குக்குத் தாய்மார்தான் வருவார்கள். இவர் வாவியில் மீன் பிடிப்பவர். மனைவிக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. காலை பஸ்ஸில் அவர் போய்விட்டால், பொழுதுபட வரும்வரை பிள்ளை இவரோடுதான். ஒரு வயது கடந்த பெண் குழந்தை. அதன் உச்சியில் சிவப்பு ரப்பர் போட்டுக் குடுமி கட்டிவிட்டிருந்தார். பெண்கள் கூட்டத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் தம்பி அங்க நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க. அப்பாமாருக்கும் பாயில இடமிரிக்கு" என்று நேர்ஸ் அக்கா கூப்பிட்டார்.

குழந்தை பாயில் இருந்ததும் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியது. நல்ல கை, நல்ல கவனம். அந்த நேரம் பார்த்து நேர்ஸ் அக்காவின் கையிலிருந்து ஒரு தட்டு நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. பாயில் இருந்த ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. இன்னொன்று ஓடிப்போய்த் தாயின் மடியைப் பிடித்தது. இந்தப் பிள்ளை மட்டும் நிமிரவேயில்லை. அடுத்த கோப்பையை எடுத்து மேலே வைத்தது.

நேர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு டின்னில் கொஞ்சம் பயறு போட்டு, பிள்ளைக்குப் பின்னால் போயிருந்து குலுக்கினார். வலப் பக்கம், இடப் பக்கம். ஒன்றுமில்லை. அவருடைய நிழல் கோப்பையில் விழுந்தபோதுதான் பிள்ளை திரும்பிச் சிரித்தது.

நான் தகப்பனுக்குப் பக்கத்தில் போயிருந்தேன். "வீட்டில கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பாவா?"

"அவ அடம், டொக்டர். நினைச்சாத்தான் கிறுகிப் பாப்பா. தாய்ட குணம்." பெண்கள் சிரித்தார்கள்.

"என்ன சொல் வரும்?"

"கத்துவா. மறுகா வரும்தானே, இப்ப என்ன வயசு?"

பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் காதைச் சோதித்துப் பார்ப்போம் என்று குரலைத் தணித்துத்தான் சொன்னேன். ஆனால் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ட புள்ள செவிடெண்டு சொல்றீங்களா?"

"அப்பிடிச் சொல்லல்ல. பாக்கவேணும் எண்டுதான் சொல்றன். கேக்கிறது குறைவெண்டா, இந்த வயசிலயே தெரிஞ்சா நிறையச் செய்யலாம்."

அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நிறுக்காமலே போய்விட்டார். அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை.

வராத பிள்ளையைத் தேடிப் போவது எங்கள் கிளினிக்கின் இன்னொரு வழக்கம். வேலை முடிந்ததும் நேர்ஸ் அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். கண்டல் மரங்களை ஒட்டி, வாவிக் கரையில் தகரக் கூரை போட்ட வீடு. தகப்பன் முற்றத்து மரத்தின் கீழ் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பிள்ளை வலைக் குவியலின் மேல் இருந்தது. ஏசுவார் என்றுதான் நினைத்தேன். எழும்பிப் போய் இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து போட்டார். திரும்பவும் வலையைக் கையில் எடுத்துக்கொண்டு, நிமிராமலே சொன்னார்:

"நேற்று இவளத் தோணியில ஏத்திப் போனன், டொக்டர். கரை முழுக்கக் கொக்கு. இவ மற்றப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தா. நான் பின்னுக்கு நிண்டு, வாளிய ஒரு கையில தூக்கிப் பிடிச்சு, இரும்பால ஓங்கி அடிச்சன். கொக்கெல்லாம் எழும்பி இவட தலைக்கு மேலால பறந்திட்டு. அது பறக்கிறதக் கண்டுதான் இவ நிமிந்து பாத்தா."

வலையில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

"மறுகாவும் அடிச்சன். கை நோகுமட்டும் அடிச்சன்."

நேர்ஸ் அக்கா கதிரையை விட்டு எழுந்து அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் போயிருந்தார். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே மனைவி பஸ்ஸால் இறங்கி வந்தார். எங்களைக் கண்டதும் விளங்கிவிட்டது போல. சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டார்:

"வயித்தில இருக்கக்குள்ள நான் ஏதும் பிழை விட்டுட்டனா மிஸ்?"

"ஒண்டும் விடல்ல கா. ஆர்ட பிழையும் இல்ல இது" என்றார் நேர்ஸ் அக்கா.

அந்தப் பெண் முகத்தைத் துடைத்தார். "அப்ப நாளைக்கு லீவு போடுறன். எங்க போகவேணும் எண்டு சொல்லுங்க."

மட்டக்களப்பில் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் கேட்பது மிகக் குறைவு, ஆனால் அடியோடு இல்லாமல் போகவில்லை. பிறகு பல தடவை அலைந்து, காதுக்கு அளவெடுத்து, கேட்க உதவும் மெஷின் வந்தது. அன்று பெரிய அதிசயம் ஒன்று நடக்கும் என்று நாங்கள் எல்லோரும் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தோம். பிள்ளை அழுதது. மெஷினைப் பிடுங்கி எறிந்தது. மாட்ட மாட்டப் பிடுங்கியது. தாய்தான் அதற்கு வழி கண்டார். தையலில் பழகிய கை. மெல்லிய துணியில் தலைப்பட்டி தைத்து, இரண்டு பக்கமும் மெஷினுக்கு அளவாகச் சின்னப் பை வைத்தார். மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று. பிள்ளைக்கு அந்தப் பட்டி பிடித்துப்போனது. அதற்குப் பிறகு கழற்றவில்லை.

சில கிழமைகள் கழித்து அந்தத் தகப்பன் கிளினிக் நாளில்லாத ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். பிள்ளைக்கு ஏதோ வருத்தம் என்று பயந்துவிட்டேன்.

"மழை கேட்டுது, டொக்டர்! தகரத்தில சடசடவெண்டு விழ, விளையாட்ட விட்டுட்டு மேல பாத்தா. நான் ஒண்டும் காட்டல்ல. அவவாத்தான் பாத்தா."

அந்தச் செய்தியைச் சொல்லத்தான் மழையில் நனைந்துகொண்டு வந்திருந்தார்.

காதில் மெஷின் போட்டதோடு வேலை முடிவதில்லை. முகத்துக்கு நேரே இருந்து கதைக்கவேண்டும், கையில் உள்ளதைக் காட்டிச் சொல்லவேண்டும், சொன்னதையே அலுக்காமல் திரும்பச் சொல்லவேண்டும். பட்டணத்தில் சொல்லிக்கொடுத்ததை அந்த மனிதர் வீட்டில் மட்டும் செய்யவில்லை. எங்கள் பாயிலும் சம்மணம் போட்டிருந்து, மகளுக்கு வாவியில் பிடிபடும் எல்லாவற்றின் பெயரையும் சொல்வார். மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா, அப்பா என்று வரும் முதல் சொல், அவளுக்கு இறாலைக் கண்டு 'றால்' என்று வந்தது. கிளினிக்கே கைதட்டியது. தாய் மட்டும், "இவ்வளவு பாடுபட்டும் எனக்கு முந்தி றாலா?" என்று சிரித்துக்கொண்டே கோபித்தார்.

அவரைக் கண்டு மற்றத் தகப்பன்மாரும் வரத் தொடங்கினார்கள். முதலில் வாசல்வரை, பிறகு பாய்வரை. வேளாண்மைக் காலத்தில் சேறு காயாத காலோடு வந்து பிள்ளையை மடியில் வைத்திருப்பார்கள். ஒருமுறை, மகனுக்குப் பேச்சு வரவில்லை என்று அழுதுகொண்டு வந்த ஒரு தாயோடு நான் கதைக்கப் போனபோது, எனக்கு முன்பே அந்த மீன் பிடிக்கும் தகப்பன் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். தன் மகளின் பட்டியைக் கழற்றி, இது இப்படி, இதை இப்படிப் போடவேணும் என்று காட்டினார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

வேறு கிளினிக்குகளிலிருந்து வந்து பார்த்தார்கள். இப்போது வாவிக்கு இந்தப் பக்கம் இன்னும் சில இடங்களில் பாய் விரித்திருக்கிறார்கள். யார் முதலில் தொடங்கியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல நானும் நேர்ஸ் அக்காவும் ஆயத்தமாகத்தான் இருக்கிறோம்.

அந்தப் பிள்ளை இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். போன மாதம் பல்லைக் காட்ட வந்தாள். அவளுக்குக் கேட்கவேண்டுமே என்று நான் சத்தமாக, "வாயத் திறங்க பாப்பம்!" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "ஏன் டொக்டர் கத்துறீங்க? எனக்குக் கேக்குது."

நேர்ஸ் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் ஊசி அறைக்குள் போய்விட்டார். தகப்பன் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியதைக் காட்ட விரும்பவில்லை. நான் குரலைத் தணித்து, கடைவாய்ப் பல்லில் சூத்தை விழுந்திருக்கிறது, இனி டொபி வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று சாப்பிடலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்படியென்றால் பாதி? என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, கடைசிவரை விடாமல் வாதாடினாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.