நாலு பேர் வீட்டுக்கு ஒருவர் பெயரில் உறுதி

காணி உறுதிப் பத்திரம் முடித்துக் கொடுப்பவரை வீட்டுச் சாவி வாங்கும்போது யாரும் நினைப்பதில்லை; பதிவு வரி கட்டும்போது மட்டும் எல்லோரும் தவறாமல் நினைத்துத் திட்டுகிறார்கள்.

டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக நான் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு வீடு கைமாறினால் அதை டேனிஷ் காணிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது விலையில் ஒரு சிறு வீதமும், அதற்கு மேல் ஒரு நிலையான தொகையும் அரசாங்கத்துக்குப் போகும். ஊர்ப் பழக்கத்தில் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் இதை முத்திரைக் காசு என்று சொல்லும். சொந்தக்காரருக்கும் சட்டத்துக்கும் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் உங்களில் யாராவது இருந்தால், இதை வாசிக்கும்போது என்னோடு சேர்ந்து பல்லைக் கடிக்கலாம்.

உங்களுக்கு எவ்வளவு?

ஹ்விடோவ்ரேயிலிருந்து ஓர் அண்ணை வந்தார். கொப்பன்ஹேகன் பக்கத்தில் சட்டத்தரணிகள் இல்லாமல் இல்லை. தமிழில் கதைக்கலாம் என்பதற்காக ரயிலேறி வந்திருந்தார். இப்போது வாடகைக்கு விட்டு, பென்சன் எடுத்த பின் தானே குடிவருவதற்கு ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார். விலைக்குத் தலையாட்டினார், காப்புறுதிக்குத் தலையாட்டினார், எங்கள் கட்டணத்துக்கும் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். பதிவு வரி என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றுவிட்டது.

அரசாங்கத்தின் பக்கத்தையே திரையில் திறந்து காட்டினேன். விதியைத் தமிழில் வாசித்தும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “தங்கச்சி, நாங்கள் எல்லாம் ஒரே சனம். இதில உங்களுக்கு எவ்வளவு, அரசாங்கத்துக்கு எவ்வளவு எண்டு உண்மையைச் சொல்லுங்கோ, பிறகு கதைப்பம்.”

வேண்டாத தள்ளுபடி

இன்னொருவர் தமிழ்நாட்டுத் தம்பி. கணினி வேலை. மனைவியோடு வந்திருந்தார். தங்கள் ஊரில் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணம் குறைவு, இங்கே எப்படி என்று கேட்டார். இங்கே அப்படி இல்லை என்றேன். வேறு எதற்காவது குறைப்பார்களா என்று விடாமல் கேட்டார். குறைப்பார்கள், இரண்டு சந்தர்ப்பத்தில். கணவனும் மனைவியும் பிரிந்து சொத்தைப் பங்கு போட்டால் அந்த வீதம் இல்லை, நிலையான தொகை மட்டும். ஒருவர் செத்து, வாரிசு பெயருக்கு மாறினாலும் அப்படித்தான்.

நான் சட்டத்தைத்தான் சொன்னேன். அந்தப் பெண் கணவரைப் பார்த்த பார்வையில் இரண்டுக்கும் இடம் இருந்தது. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு சொன்னார்: “மேடம், அந்த ரெண்டு ஸ்கீமும் வேணாம். ஃபுல்லாவே கட்டிடறேன்.”

ஒரு பெயர் போதும்

இனி என் வீட்டுக் கதை. ஊருக்குத்தான் உபதேசம் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், எனக்கு அது தகும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், பன்றியிறைச்சித் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் கத்தி பிடித்து நின்ற நாலு பேர் சேர்ந்து கோல்டிங்கில் ஒரு பழைய கட்டடம் வாங்கினார்கள். தனம் அண்ணை, குணம் அண்ணை, யோசப் அண்ணை, நாலாவது என் கணவர். கட்டடத்தில் நாலு குடியிருப்புகள். வயது போனபின் ஆளுக்கொன்றில் இருப்பது, அதுவரை வாடகைக்கு விடுவது. அரசாங்கம் தரும் பென்சன் சாப்பாட்டுக்கு, இந்த வீடு மானத்துக்கு என்பார்கள். அப்போது நிரந்தர வேலை தனம் அண்ணைக்கு மட்டும்தான் இருந்தது. வங்கி அவருக்குத்தான் கடன் கொடுத்தது, உறுதியும் அவர் பெயரில் மட்டும் முடிந்தது. மற்ற மூவரும், ஊரில் சீட்டுக் காசு கொடுப்பதுபோல, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்த் தங்கள் பங்கைக் கையில் கொடுத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்கள். ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

இந்த வேலைக்கு வந்த முதல் வருடமே இதில் உள்ள ஆபத்து எனக்கு விளங்கிவிட்டது. எழுதி வாங்குங்கள் என்று கணவரிடம் கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு தரமும் ஒரே பதில்தான்: “தனம் அண்ணையிட்டைப் போய்க் கையெழுத்துக் கேட்டால், அந்த மனுசன் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?”

கிர்ஸ்டனின் கேள்வி

போன வருடம் கடன் கட்டி முடிந்தது. தனம் அண்ணையே எனக்குப் போன் எடுத்தார். இருதயம் சரியில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார், கட்டடத்தை நாலு பேர் பெயரிலும் எழுதிவிட வேண்டும் என்றார். அதில் என் கணவருக்கும் பங்கு இருப்பதால் நான் கை வைக்க முடியாது. கோப்பை எங்கள் சட்டத்தரணி கிர்ஸ்டனிடம் கொடுத்தேன்.

ஒருவர் பெயரில் சொத்தை வைத்து, பயனை வேறு ஆட்கள் அனுபவிக்கும் ஏற்பாட்டுக்கு இலங்கைச் சட்டத்தில் நம்பிக்கைப் பொறுப்பு என்று பெயர். ஆங்கிலேயர் சட்டத்தில் ட்ரஸ்ட் என்பார்கள். டேனிஷ் பதிவேட்டில் அப்படி எழுத ஒரு பெட்டி இல்லை. அங்கே யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். ஆகவே தனம் அண்ணை தன் வீட்டின் முக்கால் பங்கை மூன்று பேருக்கு இன்றைக்குப் புதிதாகக் கொடுக்கிறார் என்றுதான் பதிய வேண்டும், அதற்கு இன்னொரு தரம் பதிவு வரி கட்ட வேண்டும். வேறு வரிகள் வருமா என்பதற்கும் கிர்ஸ்டன் தனியாக ஒரு பக்கம் எழுதித் தந்தார். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் வரை போகவில்லை, சண்டை பதிவு வரியோடேயே நின்றுவிட்டது.

மாதா மாதம் கையில் காசு கொடுத்த கதையை எல்லாம் நான் கிர்ஸ்டனிடம் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “இருபத்திரண்டு வருடம் நம்பியிருக்கிறார்கள். அப்படியென்றால் எழுதுவதற்கு ஏன் பயந்தார்கள்?”

தனம் அண்ணை வீட்டில் கூட்டம்

இதைச் சொல்வதற்காகக் கோல்டிங்கில் தனம் அண்ணை வீட்டில் எல்லோரும் கூடினோம். அவருடைய மனைவி மலர் அக்கா முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்துவிட்டு வந்து, உடுப்பு மாற்றாமலேயே எங்களுக்கு ரோல்ஸ் பொரித்துக் கொண்டிருந்தார். நான் விதியைச் சொன்னேன். பிரிவுக்கும் சாவுக்கும் உள்ள சலுகையையும் கேட்டார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

சொல்லும்போதே எனக்குக் கோபம் வந்தது. சண்டை பிடித்துப் பிரிகிறவர்களுக்கு இரக்கம் காட்டுகிற சட்டம், இத்தனை வருடம் சண்டை பிடிக்காத நாலு பேரை வாங்குபவர் விற்பவர் என்று பார்க்கிறது. யாருக்கும் இதில் லாபம் இல்லை, ஒரு சதம் கைமாறவும் இல்லை. ஞாயிறு தவறாமல் பெந்தெகொஸ்தே சபையில் சாட்சி சொல்கிற யோசப் அண்ணை, ரோல்ஸைக் கடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அப்ப, பிரியிறதுக்காகவேனும் நாங்கள் நாலு பேரும் முதல்ல ஒரு கலியாணத்தைக் கட்டியிருக்க வேணும், தங்கச்சி. ஆண்டவர் மன்னிப்பாராக.”

நாலு டயர்

சட்டத்தின் மேல் வந்த கோபம் எனக்கு ஒரு கிழமைதான் நின்றது. அதற்குப் பிறகு வந்த கோபம் முழுவதும் எங்கள் ஆட்கள் மேல்.

வரியை நாலாகப் பிரித்துக் கட்டுவோம் என்றார் தனம் அண்ணை. உறுதி அவர் பெயரில் இருப்பதால் அவரே கட்டட்டும் என்றார் குணம் அண்ணை. இரண்டு பேரும் பேசி முடிக்கட்டும், பிறகு தான் தருவதாகச் சொன்னார் யோசப் அண்ணை. என் கணவர் கொள்கை பேசினார். எங்கட வீட்டை நாங்களே வாங்க எதற்கு வரி, ஒரு சதமும் கட்ட ஏலாது என்றார். நான் வரியின் அளவைச் சொல்லிப் பார்த்தேன், வயதைச் சொல்லிப் பார்த்தேன், தனம் அண்ணையின் இருதயத்தைச் சொல்லிப் பார்த்தேன். உமக்கு எப்பவும் உம்மட ஒபிஸ் புத்தி என்றார். வசந்தம் போய், கோடை போய், இலையும் கொட்டத் தொடங்கிவிட்டது.

ஒக்டோபரில் என் கணவர் காருக்குப் பனிக்கால டயர் நாலும் புதிதாகப் போட்டுக்கொண்டு, நல்ல விலைக்குக் கிடைத்தது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். எங்கள் மகள் பற்றுச்சீட்டைப் பார்த்தாள். எங்கள் பங்கு வரி எவ்வளவு என்று எழுதிய கிர்ஸ்டனின் கடிதம் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியபடி இருந்தது, அதையும் பார்த்தாள். வழக்கம்போல டேனிஷில்தான் சொன்னாள்: “அப்பா, உங்கட வயதுகாலத்து வீட்டைவிட இந்த நாலு டயருக்குக் கூடக் காசு குடுத்திருக்கிறீங்கள்.”

தனம் அண்ணையின் சந்தேகம்

அதே கிழமை தனம் அண்ணை அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. நண்பர்கள் கேட்டபடி முழு வரியையும் தானே கட்டிவிடலாமா என்று யோசித்ததாகவும், அப்படிச் செய்தால் இவ்வளவு காலமும் தான்தான் முதலாளி என்று ஆகிவிடுமே என்று மனம் ஒப்பவில்லை என்றும் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “நான் செத்தால் வரி குறையுமெண்டு சொன்னனீங்கள். அது ஆருக்குக் குறையும், தங்கச்சி?”

தகனசாலையில் கோப்பி

அது யாருக்குக் குறையும் என்பது நவம்பரில் தெரிந்தது. தனம் அண்ணை காலையில் காலுக்குச் சப்பாத்துப் போடக் குனிந்தவர் எழும்பவில்லை.

கட்டடம் சட்டப்படி மலர் அக்காவின் பெயருக்கு வந்தது. மனைவி என்பதால் நிலையான தொகை மட்டும், சட்டம் சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. வாக்கைக் காப்பாற்ற ஆசைப்பட்ட மனிதர் பெட்டிக்குள் இருந்தார். கொப்பன்ஹேகனில் வேலை பார்க்கும் அவருடைய மகன், கடதாசி இல்லையென்றால் பங்கும் இல்லை என்று டேனிஷில் சொல்லிவிட்டதாகச் செத்தவீட்டிலேயே கதை பரவியது. அந்தப் பிள்ளையில் நான் பிழை சொல்லமாட்டேன். நானே என் மேசையில் இருந்து ஆயிரம் பேருக்குச் சொன்ன வசனம் அது.

தகனம் முடிந்து எல்லோரும் கோப்பியோடு நின்றபோது குணம் அண்ணை என்னை உடுப்பு மாட்டும் மூலைக்குக் கூப்பிட்டார். என் கணவரும் யோசப் அண்ணையும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரத்துக்கு மூன்று பேர். எனக்கு ஆத்திரமாக வந்தது. குணம் அண்ணை சொன்னார்: “இப்ப எவ்வளவெண்டாலும் கட்டுவம், தங்கச்சி. நீங்கள் ஒருக்கா மலரிட்டைக் கதைச்சுப் பாருங்கோ.”

மலர் அக்காவின் நிபந்தனை

நான் கதைக்கவில்லை. கதைக்க எனக்கு முகம் இருக்கவில்லை. தையில் ஒரு நாள் மலர் அக்காவே அலுவலகத்துக்கு வந்தார். மகன் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வைத்த கடிதத்தை மேசையில் வைத்தார். அவனிடம் எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டேன். மாதத்து முதல் ஞாயிறுகளில் வந்த மாமாமாரை உனக்கு ஞாபகம் இல்லையா என்று மட்டும் அவனிடம் கேட்டேன், உடனே கையெழுத்து வைத்தான் என்றார்.

கிர்ஸ்டன் வரியை விளங்கப்படுத்தினார். அக்கா அதைத் தன் கணக்கிலிருந்தே முழுவதும் கட்டினார். மூன்று பேரும் தங்கள் பங்கைக் கொண்டுவந்து நீட்டியபோது அவர் கையை மடக்கிக்கொண்டார்: “அவர் உயிரோடை இருந்து கேக்கேக்கை வராத காசு, இப்ப எனக்கு வேண்டாம்.”

கையெழுத்து

கிர்ஸ்டனின் அறையில் மலர் அக்காவும் அந்த மூவருமாக நாலு பேரும் உட்கார்ந்து ஆளுக்காள் கைபேசியில் மின்னணுக் கையெழுத்து வைத்தார்கள். யோசப் அண்ணைக்குக் கடவுச்சொல் இரண்டு தரம் பிழைத்தது. என் கணவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரத்தில் பதிவாகி வந்தது, நாலு பெயர், நாலில் ஒரு பங்கு ஆளுக்கு. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை.

பிரதியை அச்செடுத்து மூவருக்கும் நான்தான் கொடுத்தேன். மலர் அக்கா மாலை வேலைக்கு நேரமாகிறது என்று எழும்பி, ஜக்கெற்றைப் போட்டு, ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கதவடியில் நின்று அவர்களிடம் சொன்னார்: “சரி. இனி நீங்கள் ஆரையும் நம்பத் தேவையில்லை.”

அவர் கட்டிய வரிக்குப் பற்றுச்சீட்டு கிர்ஸ்டனின் கோப்பில் இருக்கிறது. நாங்கள் கட்டாமல் விட்டதற்குத்தான் என் வீட்டில் இன்னும் வெட்கத்தில் தவணை போய்க்கொண்டிருக்கிறது.