அவள் ஒன்றுக்குப் போகாத நாள்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் எங்களுக்குச் சின்னதாய் ஒரு மோர்க்கடை. நானும் என் ஓரகத்தியும்தான் பார்த்துக்கொண்டோம். கொழுந்தனார் மனைவி என்றுதான் பேர். எனக்கு அவள் தங்கச்சி.

பௌர்ணமியன்று கூட்டம் நெரியும். பெண்கள் ஒதுங்க இடம் ஏது? அதனால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே இரண்டு பேரும் தண்ணீரைத் தொடமாட்டோம். ஊருக்கெல்லாம் மோர் ஊற்றிவிட்டு, நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு நிற்போம். அதில் பெருமை வேறு!

அந்தச் சித்திரைப் பௌர்ணமியில் வெயில் மண்டையைப் பிளந்தது. அவளுக்கோ கால்வலி. நான் பெரிய டாக்டர் மாதிரி மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, வேளைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். மறுநாள் அவளுக்கு ஒரே குமட்டல். தண்ணீர் குடித்தால் வாந்தி வரும் என்று அதையும் தடுத்தேன். மத்தியானம் அவள் என் காதோரம் வந்தாள்.

"அக்கா, நேத்து காலையில ஒண்ணுக்குப் போனதுதான். அதுவும் டிகாஷன் மாதிரி, கொஞ்சூண்டு. வெளிய சொல்ல வெக்கமா இருக்குதுக்கா."

ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா எல்லாம் விசாரித்தார். "தண்ணி இல்லாம வெயில்ல நின்னா கிட்னிக்கு ரத்த ஓட்டம் கம்மியாயிடும். அதுமேல வலி மாத்திரை வேறயா? யாருங்க குடுத்தது?"

"நான்தாங்க."

கல் அடைப்பு ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் சிறுநீர் இறங்காவிட்டால் வேலூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்.

பெட்பேனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தேன். அண்ணாமலையாரிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறேன். மூத்திரம் கேட்டது அன்றைக்குத்தான். நாலரை மணி இருக்கும். "அக்கா, வருதுக்கா" என்றாள்.

நர்ஸ் அளந்து பார்த்துவிட்டுச் சிரித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவில் நின்ற கொழுந்தனாரைப் பார்த்து, "ஒண்ணுக்கு வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன். வார்டே சிரித்தது.

"ஐயோ, மானத்த வாங்கிட்டியேக்கா!"

"மானம் கெடக்குதுடி. உன் உயிரையே வாங்கப் பாத்தேனே, பாவி!" அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

இப்போதெல்லாம் வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் 'ஒண்ணுக்குப் போனியா?' என்றுதான் முதலில் கேட்கிறேன். பிள்ளைகள் வெட்கத்தில் நெளிகிறார்கள், ஆனால் பதில் வரும்வரை நான் விடுவதில்லை.