சுவிசேஷமுத்துவின் இடது கை

சுவிசேஷமுத்து இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வேட்டிக் கட்டில் செருகிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான், மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்த ஆம்பிளிஃபயருக்குள் அவருடைய வலது கை நுழைகிறது. முதலில் குனிந்து மோந்து பார்க்கிறார். "தீஞ்ச வாடை இல்ல. டிரான்ஸ்பார்மர் பொழைச்சுக் கெடக்கு" என்கிறார். மீட்டரை எடுப்பதெல்லாம் அப்புறம்தான்.

சங்கரன்கோவில் ரத வீதியில் ஒரு தையற்கடையை ஒட்டினாற்போல் இருக்கிறது அவருடைய கடை. நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். சிவகிரி, வாசுதேவநல்லூர் வரைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் மைக் செட் ஊமையானாலும் இங்கேதான் வந்து இறங்குகிறது. செட்டுக்குள் இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவக்கும்வரை கடையில் யாரும் பேசக்கூடாது. நான் ஒருநாள் மழையைப் பற்றி என்னவோ ஆரம்பித்தேன். "சார், அது கண்ணு முழிக்கட்டும். பொறவு பேசலாம்" என்று அடக்கிவிட்டார். பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா!

சிவந்த பிறகு பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு வால்வாகத் தட்டுவார். குழாய் ஸ்பீக்கரில் 'டங்' என்று சத்தம் வந்தால், "இவன்தான் கள்ளன்" என்று அதைப் பிடுங்கி வைப்பார். வேலை முடிந்ததும் பிளக்கை உருவிவிட்டு, திருப்புளியால் கண்டென்சர் முனைகளை ஒரு தடவை இணைப்பார். பட்டென்று பொறி பறக்கும். மறுபடியும் இணைப்பார். பொறி வராது. அப்படியும் மனது கேட்காமல் இன்னொரு தடவை வைத்துப் பார்ப்பார். இடது கை மட்டும் வெளியே வராது. கோயிலில் ஜெபத்துக்கு நிற்கும்போதும் அது முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது என்று அவர் மனைவி சுந்தரபாய் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோகும்.

காரணம், மைக் செட் வாடகைக்கு விட்டுவந்த செல்லப்பா. இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள். மூன்று வருஷத்துக்கு முன் செல்லப்பா வீட்டிலேயே அவருடைய செட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். பிளக்கை உருவியதும், "இனி செத்த பாம்புலே. தைரியமாத் தூக்கு" என்று சொன்னவர் சுவிசேஷமுத்து. சின்ன ரேடியோக்களையே பார்த்துப் பழகியவர் அவர். பெரிய செட்டின் கண்டென்சரில், பிளக்கை உருவிய பிறகும் கரண்ட் தங்கும் என்பது அவருக்கு அன்றைக்குத் தெரியாது. செல்லப்பா இரண்டு கைகளாலும் திறந்து கிடந்த அடிப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். ஒரு கையில் ஏறிய கரண்ட் நெஞ்சு வழியாக மறு கைக்குப் பாய்ந்தது. ஆள் எழுந்திருக்கவில்லை.

போன வாரம் செல்லப்பாவின் மனைவி பாலம்மாள் அதே செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் கடையில்தான் இருந்தேன். சுவிசேஷமுத்து அதைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

"வேற ஆளைப் பாருங்க, தங்கச்சி."

"ஆடித் தவசுத் திருவிழாப் பந்தலுக்குப் பேசியாச்சு, அண்ணாச்சி. நானே கூட இருந்து ஓட்டப்போறேன். செட்டு பேசலன்னா இளையரசனேந்தல்ல எங்க அண்ணன் வீட்டு அடுப்படிதான் எனக்கு."

 சுவிசேஷமுத்து தரையைப் பார்த்தபடி சொன்னார். "அன்னைக்கு அவனைத் தூக்கச் சொன்னது நான்தான்."

"தெரியும். காப்பி கொண்டாந்து வாசல்ல நின்னேன்லா. கேட்டேன்."

"தெரிஞ்சுமா எங்கிட்ட கொண்டாந்திய?"

"அன்னையிலேருந்து நீங்க அந்தக் கையைக் கட்டிப் போட்டிருக்கியள்லா. உங்களை மாதிரி வேற யாரு அண்ணாச்சி பயந்து வேலை பாப்பாக?"

 சுவிசேஷமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கை பின்னால் போயிற்று.

செட் கொஞ்ச நேரம் நன்றாகப் பேசும். சூடு ஏறியதும் தானாக அடங்கிவிடும். வால்வுகளை மாற்றினார், பயனில்லை. ஒவ்வொரு ஈயப் பற்றவைப்பாகப் பென்சிலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு வால்வு மாட்டும் குழிக்கு அடியில், தலைமயிர் கனத்தில் ஈயம் விரிசல் விட்டிருந்தது. சூட்டில் அந்த விரிசல் வாய் திறந்துகொள்கிறது. அதைப் பற்றவைத்து, சாயங்காலம்வரை செட்டை ஓடவிட்டார். சத்தம் குறையவே இல்லை. "பேசிப் பாருங்க" என்று மைக்கை நீட்டினார். பாலம்மாள் கூச்சத்தோடு, "அண்ணாச்சி, கேக்குதா?" என்றார். ரத வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிளக்கை உருவினார். திருப்புளியை வைத்தார், பொறி பறந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் வைத்தார். வண்டியில் ஏற்றுவதற்காகப் பாலம்மாள் குனிந்து கைகளை நீட்டினார்.

"பொறுங்க, தங்கச்சி."

வேட்டிக் கட்டிலிருந்து இடது கையை எடுத்தார்.  இரண்டு கைகளாலும் செட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, அப்படியே கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்திருந்துவிட்டு, பாலம்மாளிடம் கொடுத்தார்.