ஐடில் ஸ்குரூவில் இல்லாத கோளாறு

“ஐடிலக் கொஞ்சம் கொறைச்சி வுட்டுருங்கண்ணா, அஞ்சு நிமிச வேலைதான்” என்று சொல்லிக்கொண்டே முனுசாமி மூன்றாம் முறையாக என் பட்டறைக்குள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்தினார் என்பது பெயருக்குத்தான். நான் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் முட்டித்தான் வண்டி நின்றது. ஆக்சிலேட்டரில் கால் இல்லை, கியரும் நியூட்ரலில் இருந்தது. ஆயினும் என்ஜின், தொப்பூர் மேட்டில் ஏறும் லாரியைப் போலக் கத்திக்கொண்டிருந்தது.

கார்புரேட்டர் வண்டிகள் நம் பக்கத்தில் இன்னும் ஓடுகின்றன. ஆகவே அவற்றில் கை வைக்கும் இளைஞர்களுக்கு இதைச் சொல்கிறேன். ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது என்ஜின் அணையாமல் மெதுவாக ஓட வேண்டும். அந்த ஓட்டத்தைத்தான் ஐடில் என்கிறோம். அதைக் கூட்டவும் குறைக்கவும் கார்புரேட்டரில் ஒரு ஸ்குரூ உண்டு. அது கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதுதான் அதன் சாபம். உலகில் ஸ்குரூ டிரைவர் வைத்திருக்கும் எவரும் அதைத் திருகிப் பார்க்காமல் விடுவதில்லை.

1. திருகியவர்கள்

முனுசாமி, நல்லம்பள்ளியை ஒட்டிய ஒரு சிற்றூரில் தக்காளியும் மஞ்சளும் பயிரிடுபவர். அவருடைய மனைவி லட்சுமிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை சேலத்தில் டயாலிசிஸ். போகும்போது தொப்பூர் கணவாய் முழுவதும் இறக்கம். பேருந்தில் போய்த் திரும்பும் உடல்நிலை அந்த அம்மாவுக்கு இல்லை. ஆகவே அந்தப் பழைய காரை விட்டால் அவர்களுக்கு வேறு கதி இல்லை.

முதல் முறை அவர் வந்தது காலையில். அவர் வீட்டுக்கும் என் பட்டறைக்கும் கூப்பிடு தூரம். என்ஜின் சூடாகும் முன்பே வந்துவிட்டார். ஐடில் சற்றுக் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். ஆக்சிலேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா, சோக் முழுவதும் திறக்கிறதா, ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒழுங்காக இழுக்கிறதா என்று முறைப்படி பார்த்தேன். எல்லாம் சரி. ஸ்குரூ மட்டும் வேண்டாத அளவுக்கு உள்ளே போயிருந்தது. அளவுக்குக் கொண்டுவந்து அனுப்பினேன்.

இரண்டாம் முறையும் காலையில்தான், என்ஜின் சூடாகும் முன்பே வந்தார். ஸ்குரூ மீண்டும் வேறிடத்தில் இருந்தது.

“இதை யார் திருகுனது?”

“நான் கொஞ்சந்தாங்கண்ணா. காலைல ஆஃப் ஆவுது, அதுக்கோசரம் ஏத்துனேன். சேலத்துல ஒரே சத்தமா இருந்துச்சி, மச்சான் எறக்குனான். பொறவு டோல்கேட்டுல நின்னுபோச்சி…”

“மறுபடி ஏத்துனீங்க.”

“இல்லீங்க. அது பின்னாடி நின்ன டிரைவரு ஒருத்தரு. நல்ல மனுசன், அவரே எறங்கி வந்து ஏத்திக் குடுத்தாரு.”

வழியில் நின்ற அந்நியனும் திருகிய ஸ்குரூவை வைத்துக்கொண்டு நான் எதைக் கண்டுபிடிப்பது? கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். காற்றுக் கசியாதபடி அதன் அடியில் வைக்கும் கேஸ்கெட்டை மாற்றினேன். ஸ்குரூவின் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இட்டு, “இந்தக் கோடு நகர்ந்திருந்தா வண்டிய எங்கிட்டக் கொண்டாராதீங்க” என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் முறை, டயரில் முட்டி நின்ற வண்டியின் பானெட்டைத் திறந்தால், கோடு நகர்ந்திருந்தது.

2. பின்சீட்டு

அன்று அவர்கள் சேலத்திலிருந்து நேராக என்னிடம் வந்திருந்தார்கள். லட்சுமி பின்சீட்டில் சாய்ந்திருந்தார். முன்சீட்டில் அவருடைய தம்பி சக்திவேல். அவர் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தருபவர். வந்ததும் வராததுமாய்ச் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, “வீடியோல கார்புரேட்டர மாத்தச் சொல்றாங்க” என்றார். அவர் கையில் ஒரு ஸ்குரூ டிரைவரும் இருந்தது. அதை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

என்ஜின் சூடாக இருக்கும்போது அந்த வண்டி என் கைக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. ஐடில் ஸ்குரூவை முழுவதும் வெளியே எடுத்துவிட்டேன். அப்படிச் செய்தால் கார்புரேட்டரின் காற்றுவழி அடைபட்டு என்ஜின் அணைய வேண்டும். அணையவில்லை. சத்தம் சற்றுத் தணிந்ததே தவிர, ஓட்டம் நிற்கவில்லை. அப்படியானால் என்ஜின் வேறெங்கோ ஒரு வழியில் காற்றைக் குடிக்கிறது. புதிய கேஸ்கெட்டைச் சுற்றிக் கிளீனர் அடித்துப் பார்த்தேன். கசிவிருந்தால் அது உள்ளே இழுபட்டு என்ஜின் ஒலி மாறும்; மாறவில்லை. அங்கே கசிவு இல்லை.

“எப்பலேர்ந்து இப்படி?” என்று கேட்டேன்.

“தீபாவளிக்கு முன்ன,” என்றார் முனுசாமி.

“பொங்கலுக்குப் பொறவு,” என்றார் சக்திவேல்.

“வேற ஏதாச்சும் மாறியிருக்கா? பிரேக்கு, கிளச்சு?”

“ஒண்ணுமில்லீங்க. ஐடில் மட்டுந்தான். நீங்க அந்த ஸ்குரூவ…”

“ஏங்க, பிரேக்கச் சொல்லுங்க” என்று பின்சீட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“நீ சும்மாயிரு. பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “முனுசாமி, உங்க வாயிலிருந்து இன்னொரு சொல்லு வந்தா நான் வூட்டுக்குப் போயிடுவேன். நீங்க சொல்லுங்கம்மா.”

லட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “தொப்பூர் எறக்கத்துல இவரு ரெண்டு காலையும் ஊனி மிதிக்கறாருங்கண்ணா. முதுவு சீட்டுல ஒட்டிக்கும், கழுத்து நரம்பு பொடைச்சிக்கும். பொறப்பட்டப்ப நல்லாருக்கும். வண்டி சூடான பொறவுதான் இப்படி. சத்தமும் அப்பதான் ஏறும். நான் கண்ண மூடிக்குவேன்.”

முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார். “அவ பயந்துக்குவான்னு சொல்லலீங்க,” என்றார்.

எவள் பயப்படக்கூடாது என்று மறைத்தாரோ அவள் ஒவ்வொரு பயணத்திலும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

3. குழாய்

அதன் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. அந்த வண்டியில் பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் சர்வோ என்னும் உறுப்பு, என்ஜினின் உறிஞ்சும் விசையால் இயங்குவது. இரண்டையும் இணைப்பது ஒரு குழாய். அந்தக் குழாய் காற்றை உள்ளே விட்டால் ஒரே நேரத்தில் ஐடில் ஏறும், பிரேக்கும் கட்டையாகும். குழாயை என்ஜினை ஒட்டிய முனையில் பிளையரால் நசுக்கினேன். என்ஜின் அக்கணமே அணைந்தது. பட்டறையில் அப்படியொரு அமைதி.

குழாயைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை உரித்தபோதுதான் விளங்கியது. அது ரப்பர்க் குழாயே அன்று. தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி ஓடுகிறதே, இன்னும் துளையிடாத அந்தச் சொட்டுநீர்ப் பைப்பு. என்ஜின் சூடானதும் இளகி, முனையில் வாய் பிளந்துவிடும். ஆறியதும் மீண்டும் பிடித்துக்கொள்ளும். எனவேதான் காலையில் வந்தபோதெல்லாம் நல்ல பிள்ளையாக நின்றிருக்கிறது.

“பழச எலி கடிச்சிருச்சிங்க,” என்றார் சக்திவேல். “நான்தான் இதப் போட்டேன். வெயில்ல வருசக்கணக்கா கெடக்கற பைப்புங்க. ஒரு சொட்டு ஒழுவாது.”

“கெணத்து மோட்டாருக்கு தண்ணி உறிஞ்சற சக்சன் பைப்பா இதப் போடுவீங்களா?”

“அதுல எப்படிங்க போடறது? காத்து வாங்கும், தண்ணி ஏறாது.”

“இது என்ன பைப்பு?”

அவர் குழாயைப் பார்த்தார், என்ஜினைப் பார்த்தார், பிறகு பின்சீட்டில் இருந்த அக்காவைப் பார்த்தார். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தருமபுரிக்கு ஆளை அனுப்பி உரிய குழாயை வாங்கிவரச் செய்து, புதிய கிளாம்ப் வைத்து இறுக்கினேன். அதன் பின்னரே ஐடில் ஸ்குரூவைத் தொட்டேன். கால் சுற்றில் என்ஜின் அடங்கியது. அவர்களை உடனே அனுப்பவில்லை. நானே ஓட்டிச்சென்று, வண்டி நன்கு சூடான பின் தொப்பூர் இறக்கத்தில் இருமுறை பிரேக்கைச் சோதித்தேன். திரும்பி வந்து இறங்கும்போது சக்திவேல் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அண்ணா, அந்தப் பழைய பைப்புத் துண்டக் குடுத்தீங்கன்னா… ஒரு பாத்திக்கு ஆவும்.” கொடுத்துவிட்டேன். பாத்தியில் கிடக்கும்வரை அது நல்ல குழாய்தான்.

ஐடில் ஏறி வரும் வண்டியில் ஸ்குரூவைக் கடைசியாகத் தொடுங்கள். என்ஜினைச் சூடாக்கிப் பாருங்கள். காற்று எங்கே நுழைகிறது என்று தேடுங்கள். பிரேக்கை மிதித்துப் பாருங்கள். கேள்வியை ஓட்டுபவரிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர் தம் காலை எல்லாவற்றுக்கும் பழக்கிக்கொண்டிருப்பார்.

அடுத்த முறை சேலம் போய்த் திரும்புகையில் அவர்கள் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். முனுசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையமர்த்திவிட்டுப் பின்சீட்டைப் பார்த்தேன்.

“ஒத்தக் காலுதாங்கண்ணா,” என்றார் லட்சுமி. “மேடுபள்ளமில்லாத அரூர் ரோட்டுல போறமாரி எறங்குனாரு. நான் பாதியிலயே தூங்கிட்டேன்.”