பத்துக்கு இரண்டு

சோதனைக்கு ஆள் வருவதற்கு முன் நெவேனா தாமே உள்ளே போய் அந்த நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பார். வெளிச்சம் முகத்தில் அடிக்கிறதா, பக்கத்து அறைச் சிரிப்பு காதில் விழுகிறதா என்று கவனிப்பார். சுவரில் யாராவது நாட்காட்டி மாட்டியிருந்தால் கழற்றிவிடுவார். "தேதியப் பாத்தா வீட்டு ஞாபகம் வந்துரும். இங்க இருக்கிற வரைக்கும் அவங்களுக்கு வீடே இருக்கக்கூடாது" என்பார்.

எங்கள் ப்லோவ்திவ் நகரில் ஓர் உளவியல் துறையின் ஆய்வக உதவியாளர் அவர். இருபத்தாறு வருட சர்வீஸ். கோட்டின் வலது பையில் சூரியகாந்தி விதை, இடது பையில் அதன் தோல். பதினோரு பேர் முனைவர் ஆனதற்கு அவர் நடத்திய சோதனைகள்தாம் அடிப்படை. நன்றியுரையில் ஏழு பேர் அவர் பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறார்கள். நாற்பத்து மூன்றாவது வயதில் ரோஷம் வந்து தாமே பட்டத்துக்குப் பதிந்துகொண்டார்.

புதிய மாணவர்களுக்கு அவர் பாடம் எடுப்பது மிளகாயை வைத்துத்தான். "ஆய்வகம்னா ஜாடியில போட்ட மிளகாய். எவ்வளவு உப்பு, எவ்வளவு காடி, எல்லாம் நம்ம கையில. தெருவுல பண்ற சோதனை தோட்டத்து மிளகாய். மழையும் அடிக்கும், பூச்சியும் வரும், ஆனா வாசனை அதுலதான்." மூன்றாவது வகையான இயற்கைச் சோதனைக்கு மட்டும் உவமை கிடையாது. ஒருமுறை லிஃப்ட் ஒரு வாரம் ஓடவில்லை. பத்து வருடமாக முகம் பாராத ஆட்கள் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே நலம் விசாரித்தார்கள். நெவேனா படியோரம் நின்று அவர்களை எண்ணிவிட்டார். "இத நான் ஏற்பாடு பண்ணல. லிஃப்ட் பண்ணுச்சு. தானா நடக்கும்போது பக்கத்துல நாம இருக்கணும், அவ்வளவுதான்."

அவருடைய சொந்த ஆய்வில் கேள்வி ஒன்றே ஒன்று: "ஞாயித்துக்கிழமை பார்வையற்றோர் இல்லத்துக்கு வந்து ஒரு மணி நேரம் வாசிச்சுக் காட்ட முடியுமா?" பேருந்து நிறுத்தத்தில் அவரே கேட்டார். பத்துக்கு ஏழு பேர் வருகிறோம் என்றார்கள். ஆய்வகத்தில் அவர் கேட்க முடியாது, அந்தக் கட்டடத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. அதனால் பின்லாந்திலிருந்து படிக்க வந்திருந்த இல்மா கேட்டாள். கேட்பவளுக்குக் கணக்கு தெரியக்கூடாது, கணக்கெடுப்பவருக்குக் குரல் கேட்கக்கூடாது என்பது விதி. குரலின் குழைவு மனதைச் சாய்த்துவிடுமாம். எனவே நெவேனா ஒலியை நிறுத்திவிட்டு, வீடியோவில் தலையசைப்பை மட்டும் பார்த்துக் குறித்தார். இடவலமாக ஆடினால் ஆமாம், மேலும் கீழும் போனால் இல்லை. எங்கள் ஊர்த் தலை அப்படித்தான்.

வந்த விடை பத்துக்கு இரண்டு. மூன்று தடவை எண்ணியும் இரண்டுதான்.

வழிகாட்டியான பேராசிரியர் ஹரலாம்பி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தெருவுல தர்மவான், உள்ள வந்தா கல்நெஞ்சன். இத யாரு நம்புவா? வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லேன்னா ஆய்வகப் பாதிய எடுத்துடணும். பாதி ஆய்வுக்குப் பட்டம் கெடையாது. அவகாசமும் இனி நீட்ட முடியாது, நெவேனா." எட்டு வருட உழைப்பு. அன்று அவர் ஒரு விதைகூடக் கொறிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இல்மாதான் வற்புறுத்தி அவரைச் சாப்பிட இழுத்துப்போனாள். எதிர்ச்சாரியில் மித்காவின் கடை. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த மித்காவின் வாயிலும் ஒரு துண்டு இருந்தது.

"குடிக்க போஸா இருக்கா?" என்று இல்மா கேட்டாள்.

மித்கா மென்றபடியே தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

"இல்லையாம், வாடி போலாம்" என்று நெவேனா அவள் கையைப் பிடித்தார்.

வாயில் இருந்ததை மித்கா அவசரமாக விழுங்கினாள். "எங்க கெளம்பிட்ட? ரெண்டு பாட்டில் இருக்கு."

"இல்லேன்னுதானே தலையாட்டின?"

"ஒனக்கா ஆட்டினேன்? அந்தப் பொண்ணுக்கு ஆட்டினேன், அவ ஊர் வழக்கத்துல. பாவம், கொழம்பிடக் கூடாதுல்ல?"

இல்மா சிரித்தாள். "எல்லாரும் எங்கிட்ட அப்படித்தான்க்கா ஆட்டுவாங்க. ஆய்வகத்துலயும் அப்படித்தான்."

சாப்பிட வந்ததையே மறந்துவிட்டு ஐம்பத்தொரு வயதில் நெவேனா ஓடினார். அறைக் கதவைச் சாத்தி, முதல் வீடியோவை ஒலியோடு போட்டார். பஸ் டிரைவர் ஒருவர், தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே, "வந்துடறேம்மா, எந்த வாசல் பக்கம் வரணும்?" என்றார். நெவேனா அழுதார். அழுகையா சிரிப்பா என்று வெளியே நின்ற இல்மாவுக்குப் புரியவில்லை. அப்பாடா என்று ஒரு சொல் மட்டும் கேட்டது. நூற்றிருபது பேரையும் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டார். சிலர் பழைய பழக்கத்திலேயே ஆட்டியிருந்தார்கள், சிலர் பாதியில் நினைவு வந்து மாற்றியிருந்தார்கள். கிழவர் ஒருவர் நான்கு திசையிலும் ஆட்டிவிட்டு, "வரேன், தாயி" என்றிருந்தார். பத்துக்கு ஏழு பேர், ஒன்றிரண்டு முன்னே பின்னே.

வியாழக்கிழமை பேராசிரியர் கடைசித் தாள் வரை படித்தார். "அப்போ தப்பு ஜனங்க மேல இல்ல. உங்க கண்ணு மேல."

"எங்கண்ணு ஊர்க் கண்ணு, சார். கேள்வி ஒண்ணுதான், தெருவுல கேட்டது ஊர்க்காரி, உள்ள கேட்டது விருந்தாளி. விருந்தாளி வந்தா நம்ம ஜனங்க தலையவே மாத்திக்குவாங்கன்னு நான் யோசிக்கல. அதையும் ஒரு அத்தியாயமா எழுதிட்டேன்."

"அந்த அத்தியாயந்தான் இதுல உருப்படி" என்று ஹரலாம்பி பேனாவை மூடினார். "நாளைக்கே கொடுத்துடலாமா?"

மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இல்மா, இருவரும் நெவேனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெவேனா வலது பையிலிருந்து ஒரு விதையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பேராசிரியரைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினார். பிறகு இல்மா பக்கம் திரும்பி, மேலும் கீழும் ஒருமுறை ஆட்டினார்.